கதை எழுதினவர் இங்கே தூங்கிவிட்டார்

கோடையில் வருகிற பெரிய படங்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஊரையே விழுங்குகிற ஏதோ ஒன்று வரும். விஞ்ஞானி ஒருவர் அதைப் பற்றி முன்னாலேயே தொண்டை கிழியக் கத்தியிருப்பார், ஒருத்தரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். கடைசியில், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக இருக்கிற ஒருவன் வந்து உலகத்தைக் காப்பாற்றிவிட்டு அவளோடு சேர்ந்துகொள்வான். நடுவில் இரண்டரை மணி நேரம் நம் காதில் முழம் முழமாகப் பூ சுற்றுவார்கள். இதற்கு வெயிலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நான் போவேன். ஒரு படம் விடமாட்டேன். திட்டுவதற்கென்றே போவேன்.

நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் நொட்டை. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் தொழிலாக இருந்தது. போன ஷாட்டில் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்த பெரியப்பா இந்த ஷாட்டில் கடைசி வரிசையில் கொட்டாவி விடுவதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவனுக்கு, சினிமாவுக்குப் போனால் மட்டும் கண் சும்மா இருக்குமா? கதாநாயகன் நெற்றியில் இடது பக்கம் பட்ட காயம் அடுத்த காட்சியில் வலது பக்கம் போயிருக்கும். தண்ணீரில் விழுந்து எழுந்தவன் சட்டை அடுத்த நிமிஷமே இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று இருக்கும். எல்லாரும் கை தட்டும்போது நான் மட்டும் 'சீ' என்பேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். என் மனைவி என் தொடையைக் கிள்ளுவாள்.

ஊரெல்லாம் நொட்டை சொன்ன கண்ணுக்கு நொள்ளை வந்தது. சர்க்கரை. விழித்திரை போய்விட்டது என்றார் டாக்டர். திரைதானே, கிழிந்தால் மாற்றிவிடலாமே என்றேன். அவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. முதலில் வலது கண், அப்புறம் இடது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். தியேட்டரில் திரை எந்தச் சுவரில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதில் என்ன ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டுக் கடையைக் காலி செய்தோம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவிலேயே போனது. நான் எரிந்து விழாத நாள் கிடையாது. காபி ஆறிவிட்டது என்றும் கத்துவேன், சுடுகிறது என்றும் கத்துவேன். அவள் பதில் பேசமாட்டாள். ஒருநாள், மெயின் ரோட்டு டயர் கடைக்கு மேலே இயங்குகிற சின்ன இணைய வானொலிக்கு அவளே படியேறிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அதை நடத்துகிறவரை நான் வானொலிக்காரர் என்பேன். கண் தெரியாத ஒருவர் சினிமாவில் குறை கண்டுபிடிக்கிறார் என்பது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம், நேரடியாக. நிகழ்ச்சிக்குப் பெயர் 'நொட்டை நேரம்'.

அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிட்டால் நான் ஒன்றுமில்லை. அதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் நான் ஒரு நாற்காலியில் வைக்கப்பட்டிருக்கிற ஆள். வெள்ளிக்கிழமை மட்டும் குளித்து, சட்டை மாற்றி, டயர் வாசனை அடிக்கிற அந்தப் படிகளில் ஏறி, எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய பஞ்சுப் போர்வை தொங்குகிற அறையில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து திட்டுவேன். கேட்கிறவர்கள் ஃபோன் போட்டுச் சிரிப்பார்கள். படத்தில் பெரிய ஓட்டை வருகிற இடத்தில் நான் குரலைத் தாழ்த்தி, "கதை எழுதினவர் இங்கே தூங்கிட்டார்" என்பேன். அந்த வரிக்காகவே காத்திருக்கிறவர்கள் இருந்தார்கள்.

படத்தை எனக்குப் பார்த்துச் சொல்வது அவள்தான். அவளுக்கு வேலை, பெரிய ஆஸ்பத்திரிகளின் துணிகளை வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கூடத்தில். இரவு ஷிஃப்ட். நனைந்த படுக்கை விரிப்புகளை இரண்டு இரண்டு பேராகப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் விட்டு, அந்தப் பக்கம் வருவதை மடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து நேரே வருவாள், பவுடர் சோப்பும் பிளீச்சிங்கும் கலந்த வாசனையோடு. முகம் கழுவிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள், காலைக் காட்சிக்கு. டிக்கெட் மலிவு, கூட்டமும் குறைவு. கடைசி வரிசையின் மூலையில் உட்கார்ந்துகொள்வோம், அவள் முணுமுணுப்பது அடுத்தவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று.

வசனம் வருகிற இடத்தில் எனக்கு யார் தயவும் வேண்டாம். சத்தம் மட்டும் வருகிற இடங்களில்தான் சிக்கல், கோடைப் படங்களில் பாதிக்கு மேல் சத்தம்தான். அதற்காக நான் ஒரு முறை வைத்திருந்தேன். அவள் விரல்களை என் மணிக்கட்டில் வைத்திருப்பாள். காட்சி இடம் மாறினால் ஒரு தட்டு, புது ஆள் வந்தால் இரண்டு தட்டு, மற்றதைக் காதில் சொல்வாள். தட்டு விழவில்லை என்றால் காட்சி அதே இடத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தத் தட்டுகள் விழும்போது பழைய மாதிரி எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளிடம் நான் சொன்னதில்லை.

இந்தக் கோடை ஆரம்பத்தில் ஒரு கடல் பூதப் படம் வந்தது. அதில் ஒரு இடத்தில் தட்டே விழவில்லை. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் கதாநாயகன் மாட்டிக்கொண்டிருக்கிறான், தண்ணீர் ஏறுகிறது, இடி இடிக்கிறது, காட்சி மாறவே இல்லை. திடீரென்று அவன் குரல் காற்றடிக்கிற ஒரு மலை உச்சியில் கேட்கிறது. எப்படிடா மேலே வந்தான் என்று அவள் காதில் கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, வந்துட்டான் என்றாள். எப்படி என்று கேட்டேன். "சும்மா வந்துட்டாங்க. காட்டல" என்றாள். அன்று சாயங்காலம் அந்த மலை உச்சியை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த வாரம் ஒரு ரோபோ படம், அதிலும் இதே கதை. இந்த வருஷம் டைரக்டர்களுக்கு நீளமான ஷாட் பைத்தியம் பிடித்திருக்கிறது, கத்தரிக்கோலை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள் என்று மைக்கில் பொரிந்து தள்ளினேன்.

மூன்றாவதாக வந்தது வால்நட்சத்திரப் படம். ஒரு பெண் விமானி, அதில் மோதி அதைத் திசைதிருப்ப வேண்டும். கடைசி இருபது நிமிஷம் ஒரே இரைச்சல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாக, "விமானத்தை இன்னொருத்தர்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. போய்ப் படுத்துட்டா" என்றாள். படம் முடிகையில் யாரோ அந்த விமானியிடம், நீ இல்லை என்றால் இந்த உலகம் இல்லை என்று தழுதழுக்கிறார்.

எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆகிவிட்டது. நிஜச் சர்க்கரைதான் எனக்கு ஆகாது, இது ஆகும். அன்று சாயங்காலம் நிகழ்ச்சி முழுக்க அதுதான். உலகமே சாம்பலாகப் போகிற நேரத்தில் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டிப் படுக்கிறாள் மகராசி, அவளுக்குக் கடைசியில் பாராட்டு விழா வேறு என்றேன். குரலைத் தாழ்த்தி என் வரியையும் சொன்னேன். உடனே ஃபோன் வந்தது. சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர், நீங்க எந்த சார் படத்துக்குப் போனீங்க என்று கேட்டார். இன்னொரு பெண், விமானி எங்கேயும் போகவில்லை, கடைசி வரைக்கும் அந்த விமானத்தில்தான் இருக்கிறாள், அதுதான் சார் படமே என்றாள். அடுத்து வந்தவர், கண் தெரியாதவரை ஏன் சார் இப்படிக் கேலிப்பொருளாக்குகிறீர்கள் என்று வானொலிக்காரரைத் திட்டினார். அது எல்லாவற்றையும்விடக் குத்தியது.

வானொலிக்காரர் நல்ல மனிதர். மைக்கை அணைத்துவிட்டு, என் தோளில் கை வைத்துச் சொன்னார். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த நிகழ்ச்சிக்கு வருஷம் முழுக்க விளம்பரம் தரப் பேசிக்கொண்டிருக்கிறாராம். கண்ணாடிக் கடைக்காரர் எனக்கு! இரண்டு பேருமே சிரித்தோம். ஆனால் இன்னொரு தடவை இப்படி ஆனால் அவர் ஓடிவிடுவார், நிகழ்ச்சியை நிறுத்துவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்றார். கோடையின் கடைசிப் பெரிய படம் அடுத்த வெள்ளி வருகிறது. அதை ஒழுங்காகச் சொல்லிவிடுங்கள், போதும் என்றார்.

மறுநாள் காலை அவள் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். விமானி வீட்டுக்குப் போனாளா இல்லையா? போனாள் என்றாள். நிச்சயமாகவா என்றேன். நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் குரலில் ஒரு பிசிறு இருந்தது. நான் குரலை வெட்டி ஒட்டியவன், எனக்குத் தெரியாதா?

அவள் தம்பியைக் கூப்பிட்டேன். என் மச்சான் பார்சல் வேன் ஓட்டுகிறான். வாரா வாரம் என்னை வானொலிக்குக் கொண்டுபோய் விடுவதும் அவன்தான். அவனோடு அதே படத்துக்கு மறுபடி போனேன். அவனைப்போல ஒரு உதவாக்கரையான வர்ணனையாளன் உலகத்தில் பிறந்திருக்க மாட்டான். என்ன நடக்கிறது என்று கேட்டால் "சண்டை மாமா" என்பான். அப்புறம்? "இப்பவும் சண்டை மாமா." இருந்தாலும் அந்தக் கடைசி இருபது நிமிஷத்தில் அவன் சொன்னது போதும். விமானி விமானத்தில்தான் இருந்தாள். ஏதோ ஒரு நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கேயும் போய்ப் படுக்கவில்லை.

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. என் பெண்டாட்டி என்னை வைத்து விளையாடுகிறாள். கண் தெரியாதவன்தானே, வாய்க்கு வந்ததைச் சொன்னால் நம்பிவிடுவான். எத்தனை படத்தில் இப்படிச் செய்தாளோ. வேனில் திரும்பி வரும்போது மச்சானிடம் பொருமித் தீர்த்தேன். அவன் கியரை மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வந்தான். கடைசியில், அக்காவை ஒண்ணும் கேக்காதீங்க மாமா என்று மட்டும் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு ஹாரன் அடித்தான். அக்காவும் தம்பியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. அவள் இரண்டு தடவை ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள், வேறு ஆள் போடவில்லை என்று ஒரு தடவை சொன்னாள். அதை அவள் கோடை தொடக்கத்திலும் சொல்லியிருந்தாள். வேலை அதிகமா என்று அப்போதும் நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமைதான் முக்கியம். அவளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன். படத்தில் நான் எதையும் கேட்கப்போவதில்லை. அவள் எந்த இடத்தில் பொய் சொல்கிறாள் என்று வாயை மூடிக்கொண்டு கவனிக்கப்போகிறேன்.

கடைசிப் படம் அணையைப் பற்றியது. பெரிய அணை, அதில் விரிசல், ஒரு இன்ஜினியர் முன்னாலேயே எச்சரித்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை. அவருக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் வழக்கம் போல. முதல் பாதியில் அவள் விரல் என் மணிக்கட்டில் ஒழுங்காகத் தட்டியது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, காதில் நறுக்கென்று ஒரு வரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. இடைவேளையில் டீ வாங்கி வந்து, தனக்கு மட்டும் இன்னொரு டீ வாங்கிக் குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அணை உடைய ஆரம்பித்தது. சீட்டெல்லாம் அதிர்ந்தது. என் காலுக்கடியில் தரை கிடுகிடுத்தது. தட்டு ஒன்று விழுந்தது, சற்றுப் பொறுத்து இன்னொன்று, அதற்குப் பிறகு இல்லை. நான் காத்திருந்தேன். விரல்கள் அங்கேதான் இருந்தன. ஆனால் கனமாக இருந்தன. விழித்திருக்கிறவள் விரலுக்கு அந்தக் கனம் இருக்காது.

இந்த மாதிரிப் படங்களில் ஒரு தந்திரம் உண்டு. பெரிய வெடிப்புக்கு முன்னால் ஒரு கணம் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். அன்றும் நிறுத்தினார்கள். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கணத்தில், என் தோளுக்குப் பக்கத்தில் மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது. ஒரு குழந்தை விடுகிற மாதிரி, சின்னதாக. அதற்குள் அணை மொத்தமும் இடிந்து என் காதில் விழுந்துவிட்டது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மலை உச்சிக்கு ஏறி வந்த கதாநாயகன், கத்தரிக்கோல் தொலைத்த டைரக்டர்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்த விமானி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நின்றன. அத்தனை ஓட்டைகளும் அவள் கண் அசந்த இடங்கள். இரவெல்லாம் நின்ற காலோடு, நின்றுபோன இரண்டு பேரின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு, நேரே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவள். வாரா வாரம் அவள் தூங்கிய இடத்தை நான் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எழுப்பினால் நிகழ்ச்சி பிழைக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். கையைத் தூக்கி அவள் தோள் வரைக்கும் கொண்டுபோனேன். என் மணிக்கட்டில் கிடந்த அவள் கைமேல்தான் முதலில் பட்டது. பிளீச்சிங் தின்று விரல் கணுக்களில் தோல் வெடித்துக் கிடந்தது. எத்தனையோ வாரமாக அந்த விரல்கள் என் மணிக்கட்டில் இருந்திருக்கின்றன, நான் தட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. தூங்கட்டும் என்று கையைக் கீழே இறக்கிவிட்டேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்று தோன்றியது. கடைசி வரைக்கும் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிவில் ஒரு பெண் அழுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது, அப்புறம் இசை.

விளக்கு போட்டதும் அவள் விழித்துக்கொண்டாள். உடனே எழவில்லை. மூக்கை உறிஞ்சினாள், புடவையைச் சரிசெய்தாள். பஸ்ஸில் நான் கேட்காமலே முடிவைச் சொன்னாள். இன்ஜினியர் எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார். பெண்டாட்டியும் அவரும் சேர்ந்துவிட்டார்கள். அழுதது சந்தோஷத்தில். அவர்கள் வீட்டு நாய்கூட நீந்தி வந்து சேர்ந்துவிட்டது.

"நாய்கூடப் பொழைச்சிடுச்சா?" என்றேன்.

"பொழைச்சிடுச்சுங்க" என்றாள், ரொம்ப உறுதியாக.

அன்று சாயங்காலம் மச்சான் என்னை டயர் கடை வாசலில் இறக்கிவிட்டான். வேறு ஒரு வழி இருந்தது, இப்போது யோசித்தால் தெரிகிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லி ஒரு வாரம் தள்ளியிருக்கலாம். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. எனக்குள் ஒரு பெரிய மனது வந்து உட்கார்ந்திருந்தது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் சொன்ன முடிவை அப்படியே சொன்னேன். நாயையும் விடவில்லை. இந்தப் படத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, கதை எழுதினவர் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை என்றேன். அவள் சலவைக்கூடத்தில் ஷிஃப்டுக்குப் போய் நின்றிருப்பாள், ஃபோனில் கேட்பாள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

முதல் ஃபோன்காரர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். இன்ஜினியர் மதகுக்கு உள்ளேயே நின்று மூழ்கிச் செத்துப்போகிறாராம். பெண்டாட்டி மேட்டில் தனியாக நின்று அழுகிறாளாம். ஊரே போய்விட்டதாம். நாயா, எந்த நாய், படத்தில் நாயே கிடையாது சார் என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் நாயைப் பற்றித்தான் கேட்டார்கள். வானொலிக்காரர் பாதியிலேயே பாட்டுப் போட்டுவிட்டார். என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிடும்போது, தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் நினைக்கவில்லை.

காலையில் அவள் வந்தாள். செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. முகம் கழுவப் போகவில்லை. நேரே வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். சோப்பு வாசனை அடித்தது.

"நிறுத்திட்டாங்களா?"

ஆமாம் என்றேன். பரவாயில்லை, போகட்டும், நீ தூங்கியது எனக்குத் தெரியும், தூங்கட்டும் என்றுதான் விட்டேன் என்றேன். அதை எவ்வளவு பதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பதமாகச் சொன்னேன். அவள் கையைத் தேடி நீட்டினேன். அவள் கை கிடைக்கவில்லை.

"தெரியுமா?" என்றாள். "நான் தூங்கிட்டேன்னு தெரிஞ்சு, நான் உளறினதையும் தெரிஞ்சேதான் போய்ச் சொன்னீங்களா?"

"உனக்காகத்தான்..."

"யாரு கேட்டா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். கீழே தரையில் உட்கார்ந்தாள் போலிருக்கிறது, குரல் தாழ்வாக வந்தது. சலவைக்கூடத்தில் அந்த நேரத்துக்கு ஃபோனை உருளைக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்துவிடுவார்களாம். எல்லாரும் விரிப்பை மடித்துக்கொண்டே கேட்பார்களாம். அவள் தியேட்டரில் தூங்குகிற விஷயம் அங்கே எல்லாருக்கும் தெரியும். நான் குரலைத் தாழ்த்தி அந்த வரியைச் சொல்லும்போது மொத்தக் கூடமும் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்குமாம்.

"நானும் சிரிப்பேன்" என்றாள். "எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது. உங்க குரல் பழையபடி இருக்கும். அந்தக் கால் மணி நேரம் உங்க குரலைக் கேட்டுட்டா எனக்கு ராத்திரி ஓடிடும். அதுக்காகத்தானே டீயா குடிச்சு, தொடையைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு தட்டு தட்டியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேனே. ஒரே ஒரு தட்டு."

ஊர்ப் படத்தில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்தவனுக்கு, என் பெரிய மனதில் இருந்த ஓட்டை தெரியவில்லை. அவள் தூக்கம் எனக்கு வேண்டியிருந்தது போல, என் பேச்சு அவளுக்கு வேண்டியிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலே இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தோம். கடைசியில் கைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

தூக்கம் வருகிறது என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் போவதை நிறுத்திவிடுவீர்கள் என்றாள். நிறுத்தியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. கோபித்துக்கொண்டிருப்பேன், மச்சானைப் பிடித்துக்கொண்டு போயிருப்பேன், ஆனால் நிறுத்தியிருக்க மாட்டேன். அவள் என்னை அதைவிட நல்லவனாக நினைத்திருக்கிறாள். அதையும் நான் அவளிடம் சொல்லவில்லை.

வானொலிக்காரரிடம் போய்ப் பேசுகிறேன் என்று மறுநாள் கிளம்பியவளை நான்தான் தடுத்தேன். தடுத்ததற்கும் திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. சரி என்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் அந்த நேரத்தில் ராசிபலன் நிகழ்ச்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டார் என்று மச்சான் வந்து சொன்னான். சொல்லிவிட்டு, நிறைய நேரம் வாசலிலேயே நின்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்கு நான் வழக்கமாகச் சட்டை மாற்றி, கம்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அன்று லுங்கியோடு உள்ளேயே இருந்தேன். அவள் வந்தாள். என்னைப் பார்த்திருப்பாள். முகம் கழுவினாள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், கட்டிலில் படுத்தாள். பல மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைப் பகல் முழுவதும் அவளுக்குத் தூங்குவதற்கென்றே கிடைத்திருக்கிறது.

நான் நாற்காலியைச் சத்தமில்லாமல் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரேடியோவைப் போடவில்லை. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அப்புறம் அதுவும் இல்லை. அவள் கை கட்டில் ஓரத்தில் இருந்தது. பழக்கத்தில் என் மணிக்கட்டை அதன் கீழே கொண்டுபோய் வைத்தேன். விரல்கள் லேசாக இருந்தன, கனமே இல்லை.

தியேட்டரில் கேட்ட அந்தச் சின்னக் குறட்டைக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். அணை உடைகிற சத்தத்தில் தூங்கியவள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, ரொம்பச் சீராக, நான் கேட்கவேண்டும் என்று விடுகிற மூச்சு மாதிரி. அவள் தூங்கவில்லை.